அளந்த பின்னே அடி வைப்போம்: தீயணைப்போர் பாதுகாப்பு இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

மூடிக் கிடக்கும் கிடங்கு எதுவானாலும், உள்ளிருக்கும் காற்றை அளந்து பார்க்காமல் எந்தத் தீயணைப்போரும் அதன் கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே காலடி வைக்கவும் கூடாது. இந்த ஒரு நெறியை நிலைநாட்டவே இயக்கமாகத் திரள்கிறோம்.

பணியில் இருக்கும் தீயணைப்போரும் ஓய்வுபெற்ற நிலைய அலுவலர்களும் எங்களில் இருக்கிறார்கள். இரவில் மணி அடித்தால் வீட்டில் விழித்துக் காத்திருக்கும் அவர்களின் குடும்பத்தாரும், குடோன்களில் டிரம் உருட்டும் சுமைதூக்கும் தொழிலாளர்களும், பெயின்ட் கடைகளில் வேலை பார்ப்பவர்களும், வேதியியல் கற்பிக்கும் ஆசிரியர்களும் சேர்ந்திருக்கிறார்கள். தொழில் வேறு, ஊர் வேறு என்றாலும் எங்களை ஒன்று சேர்த்தது ஒரே கவலைதான். தீயணைப்போர் இறந்தால் நாடு மலர்வளையம் வைக்கிறது, நிவாரணம் அறிவிக்கிறது, வீரமரணம் என்கிறது. அந்தச் சாவைத் தடுத்திருக்க முடியுமா என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலே போகிறது. அதைக் கேட்கவே வந்திருக்கிறோம்.

ஏன் ஏப்ரல் 14

இந்தப் பிரகடனத்தைத் தீத்தொண்டு நாளில் வெளியிடுகிறோம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்றிருந்த ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பலின் சரக்கறையில் தீப்பிடித்தது. பருத்திப் பொதிகளும் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் அந்த ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. தீயணைப்போர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோதே, மாலை நான்கு மணியளவில் கப்பல் வெடித்துச் சிதறியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அவர்களில் 66 பேர் தீயணைப்போர். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கிறோம்.

அன்று வெடித்தது போர்க்கால வெடிபொருள். இன்று எங்கள் நகரங்களின் சந்துகளில் வெடிக்கக் காத்திருப்பது பெரும்பாலும் ஆவி: தின்னரின் ஆவி, பெட்ரோலின் ஆவி, ரப்பர் பசையின் ஆவி, கசியும் சமையல் எரிவாயு, சூடேறிய பேட்டரியிலிருந்து வெளியேறும் வாயு. பொருள் மாறியிருக்கிறது. ஆனால் மூடிய சரக்கறைக்குள் என்ன இருக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரியாமல் அதன் வாசலில் மனிதர்கள் நிறுத்தப்படுவது மாறவில்லை. 66 பேருக்கு அஞ்சலி செலுத்தும் நாளில் அந்த நிலையை மாற்றுவதற்கான வேலையைத் தொடங்குவதே முறையான அஞ்சலி என்று கருதுகிறோம்.

அபாயம் எப்படிப்பட்டது

எரிவது திரவம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் திரவத்திலிருந்து எழும் ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. அந்தக் கலவை ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால் மட்டுமே பற்றும். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருக்கும்போது பற்றிக்கொள்ளும். தின்னரில் பெருமளவு கலக்கப்படும் டொலுயீன் 1.1 சதவீதத்திலேயே அந்த நிலைக்கு வந்துவிடும். இந்தக் கீழ் வரம்பைத்தான் துறையில் எல்.இ.எல். என்று சொல்கிறோம்.

ஒரு சதவீதம் என்பது கேட்பதற்குச் சிறிய எண். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள ஓர் அறை. அங்கே டொலுயீன் சிந்தி, ஒன்றரை லிட்டர் முழுவதும் ஆவியாகிவிட்டால் போதும், அறையிலுள்ள காற்று மொத்தமும் வெடிக்கும் கலவையாகிவிடும். உண்மையில் அவ்வளவுகூடத் தேவையில்லை. டொலுயீன் ஆவி காற்றைப்போல் மூன்று மடங்கு கனம். அது அறை முழுவதும் சீராகப் பரவாமல் தரையோடு படிந்து, சாக்கடை வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் ஊர்ந்து போகும். நிற்பவரின் மூக்குக்கு லேசான வாடை மட்டும் வரும்போது, அவருடைய கணுக்கால் உயரத்தில் கலவை முற்றியிருக்கலாம். ஒரு டிரம் 200 லிட்டர் கொள்ளும் என்பதை இதோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கள் வெயிலும் இந்த அபாயத்தைக் கூட்டுகிறது. ஒரு திரவம் பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடத் தொடங்கும் வெப்பநிலையை ஃபிளாஷ் பாயின்ட் என்கிறார்கள். டொலுயீனுக்கு அது 4 டிகிரி செல்சியஸ். பெட்ரோலுக்குச் சுழியத்துக்கு 40 டிகிரிக்கும் கீழே. தமிழ்நாட்டின் சமவெளியில் எந்த மாதத்திலும், எந்த நள்ளிரவிலும் இவை பற்றும் நிலையிலேயே இருக்கின்றன. மண்ணெண்ணெய்க்கு அந்த அளவு குறைந்தது 35 டிகிரி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. குளிர் நாடுகளில் மண்ணெண்ணெய் ஓரளவு பாதுகாப்பானது என்று எழுதிவைக்கலாம். வேலூரிலோ திருத்தணியிலோ மே மாத மதியத்தில், தகரக் கூரையின் கீழ், அந்தக் கணக்கு செல்லாது.

பொறிக்குப் பெரிய சக்தி தேவையில்லை. கைவிரலில் சுரீரென்று உணரும் நிலைமின் பொறியைவிடச் சிறியதே போதும். எக்ஸாஸ்ட் ஃபேனின் சுவிட்ச், செல்போன், தரைமேல் இரும்பு டிரம் உரசும் உரசல், பூட்டை நெம்பும் கடப்பாரை என்று எதுவும் அந்தப் பொறியைத் தரும். தீயணைப்பு வண்டியில் நாங்கள் பெருமையாக ஏற்றிச் செல்லும் கட்டர்கூடத் தரும். ஷட்டர் திறக்கவில்லை என்றால் கட்டரின் சுழலும் தட்டை அதன் தகட்டில் வைப்பது வழக்கம். ஆரஞ்சு நிறப் பொறிகள் தாரையாகத் தெறிக்கும். அவை விழும் இடம் ஷட்டரின் அடிப்பகுதி. கனமான ஆவி கசிந்து வரும் இடமும் அதே அடிப்பகுதிதான்.

இன்னொன்றை எல்லோரும் அறிய வேண்டும். கலவையில் ஆவி அளவுக்கு மீறி இருந்தால் அது பற்றாது, காற்று போதாது. அந்த நிலையில் கிடங்கு அமைதியாக இருக்கும். கதவைத் திறந்ததும் காற்று உள்ளே போகிறது, கலவை நீர்த்துப்போகிறது, பற்றும் வரம்புக்குள் இறங்குகிறது. உதவி செய்யத் திறந்த கதவே வெடிப்புக்கு வழி விடுகிறது. கதவு திறந்த சில நிமிடங்கள்தான் மிகக் கொடிய நிமிடங்கள்.

ரசாயனமே இல்லாத குடோன்களுக்கும் இது பொருந்தும். மூடிய இடத்தில் பஞ்சு மெத்தையோ டயரோ துணி மூட்டையோ காற்றில்லாமல் புழுங்கி எரிந்தால், வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு நிறைந்திருக்கும். அந்த வாயு காற்றில் 12.5 சதவீதம் முதல் 74 சதவீதம் வரை பற்றக்கூடியது. ஆகவே புகையும் ஓர் எரிபொருள். புகையை வெறும் மறைப்பு என்று நினைத்து நுழைகிறவர் எரிபொருளுக்குள் நுழைகிறார்.

நடந்தவற்றிலிருந்து

1980களில் அமெரிக்காவில் டொலுயீன் தொட்டியொன்றைச் சுத்தம் செய்ய இறங்கிய 22 வயதுத் தொழிலாளி உள்ளேயே மயங்கி விழுந்தார். அவரை வெளியே எடுக்கத் தீயணைப்போர் தொட்டியின் பக்கவாட்டை அறுக்கத் தொடங்கினார்கள். தொட்டி வெடித்தது. ஒரு தீயணைப்பாளர் இறந்தார், 15 பேர் காயமடைந்தார்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் இதைப் பதிவு செய்ததோடு, மூடிய இடங்களில் நேரும் சாவுகளில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்களுடையவை என்றும் 1986இல் எச்சரித்தது. விழுந்தவரைவிட, அவரைத் தூக்கப் போனவர்களே அதிகம் சாகிறார்கள்.

2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில், இரவில் மூடிக் கிடந்த பேக்கரியில் தீப்பிடித்தது. அணைக்கும் பணியின்போது சமையல் எரிவாயு சிலிண்டர் வெடித்தது. பணியில் இருந்த தீயணைப்பாளர் ஒருவர் உயிரிழந்தார். வேடிக்கை பார்க்க நின்ற பொதுமக்கள் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்டோர் தீக்காயம் அடைந்தார்கள். கூட்டத்தை முன்கூட்டியே விலக்கியிருந்தால் பலர் தப்பியிருப்பார்கள் என்பதை அந்தத் தெருவே அறியும்.

2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சர்ப்ரைஸ் என்ற ஊரில், மின்சாரத்தைச் சேமிக்கும் லித்தியம் பேட்டரிக் கூடம் ஒன்று புகைந்தது. உள்ளே இருந்த தீயடக்கி வாயு தானாகவே திறந்து பரவியும் பேட்டரிகள் எரிவாயுவைக் கக்கிக்கொண்டே இருந்தன. பயிற்சி பெற்ற அபாயப்பொருள் குழு வந்தது, வெளியே அளந்தது, காத்திருந்தது. ஆனால் உள்ளே எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய அந்தக் கூடத்தில் எந்த வசதியும் இல்லை. கதவைத் திறந்த சில நிமிடங்களில் வெடித்தது. குழுவைச் சேர்ந்த நான்கு பேர் படுகாயமடைந்தார்கள். அவர்கள் பொறுமையாக நடந்துகொண்டார்கள். அவர்களைக் கைவிட்டது கட்டடத்தின் அமைப்பு. ஈராண்டு கழித்து 2021 ஏப்ரலில் பெய்ஜிங்கில் இதே வகை நிலையம் வெடித்து இரண்டு தீயணைப்போர் மாண்டார்கள்.

2022 ஜூனில் வங்கதேசத்தின் சீதாகுண்டாவில் கண்டெய்னர் கிடங்கு தீப்பிடித்தபோது, உள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பது தெரியாமலே தீயணைப்போர் அருகில் நின்று தண்ணீர் அடித்தார்கள். நடந்த வெடிப்பில் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். பல தீயணைப்போரும் அவர்களில் அடக்கம்.

2020 ஜூலையில் பெரம்பலூர் மாவட்டத்தில், கிணற்றுக்குள் மயங்கியவர்களை மீட்க இறங்கிய தீயணைப்பாளர் ஒருவர் விஷவாயுவுக்குப் பலியானார். கிணறு கிடங்கல்ல, அங்கே கொன்றது தீயும் அல்ல. ஆனால் அடைபட்ட இடத்தின் காற்று நம்பத்தக்கதல்ல என்ற பாடம் அங்கும் இதேதான்.

வேறு வேறு நாடு, வேறு வேறு பொருள். எங்குமே தீயணைப்போர் துணிச்சல் இல்லாததால் சாகவில்லை. தகவல் இல்லை, அல்லது கருவி இல்லை, அல்லது காத்திருக்கச் சொல்ல ஆளில்லை. இந்த மூன்றில் ஒன்றோ பலவோ அவர்களைக் கொன்றன.

எங்கள் கொள்கைகள்

ஒன்று: அளவே முதல் கட்டளை. காற்றை அளப்பது சிறப்புப் படையின் வேலை என்று ஒதுக்கக் கூடாது. ஹோஸ் விரிப்பதைப்போல ஒவ்வொரு குழுவின் முதல் வேலையாக அது இருக்க வேண்டும். மீட்டர் எல்.இ.எல். வரம்பில் பத்து சதவீதத்தைத் தொட்டால் நுழைவு நிற்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும், 23.5 சதவீதத்துக்கு மேலே இருந்தாலும் நிற்க வேண்டும்.

இரண்டு: சரக்குக்காக உயிர் இல்லை. உள்ளே மனிதர் எவரும் இல்லை என்று தெரிந்த பிறகு, எரிகிற டிரம்முக்காகவோ மூட்டைக்காகவோ ஒரு தீயணைப்பாளரின் உயிரைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமை கிடையாது. வெளியிலிருந்து குளிர்வித்து, அக்கம்பக்கத்தைக் காத்து, கிடங்கை எரிந்து அடங்க விடுவதும் தீயணைப்பு முறைதான். சரக்கை மீண்டும் வாங்கலாம், கட்டடத்தை மீண்டும் கட்டலாம்.

மூன்று: உள்ளே உயிர் இருந்தால் தயக்கம் இல்லை, ஆனால் குருட்டுத்தனமும் இல்லை. மூச்சுக் கருவி, உயிர்க்கயிறு, தண்ணீர் ஏற்றித் தயாராக வைத்த ஹோஸ், வெளியே மீட்கத் தயாராக நிற்கும் இணை, இடைவிடாமல் ஓடும் மீட்டர் ஆகியவற்றோடுதான் நுழைய வேண்டும். நல்ல மீட்டர் அரை நிமிடத்துக்குள் அளவைச் சொல்லிவிடும். அந்த அரை நிமிடத்தைச் செலவிடாமல் நுழைந்தால், உள்ளே இருப்பவரையும் சேர்த்தே இழப்போம்.

நான்கு: காத்திருக்கச் சொல்வதும் வீரம். பின்னால் கூட்டம் கத்திக்கொண்டிருக்கும், உரிமையாளர் அழுதுகொண்டிருப்பார், மேலிடத்திலிருந்து போன் வந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் தன் ஆட்களை நிறுத்திவைக்கும் நிலைய அலுவலருக்கு நெஞ்சுரம் மிகுதியாகவே வேண்டும். அப்படி நிறுத்தியதற்காக அவர்மீது குறிப்பாணையோ விசாரணையோ இடமாற்றமோ வரக் கூடாது. அபாயம் கண்டு விலகும் உரிமை கடைசி நிலைத் தீயணைப்போர் வரை எழுத்தில் இருக்க வேண்டும்.

ஐந்து: வைத்திருப்பவரே சொல்ல வேண்டும். எரியும் பொருளைச் சேமித்து லாபம் பார்க்கிறவர், அது என்ன, எவ்வளவு, எங்கே என்பதை அறிவிக்கக் கடமைப்பட்டவர். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் 23 டிகிரிக்குக் கீழே ஃபிளாஷ் பாயின்ட் உள்ளவற்றை ‘ஏ’ வகுப்பு என்கிறது. விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை மட்டுமே உரிமம் இன்றி வைத்திருக்க விடுகிறது. டொலுயீன் கலந்த தின்னர் ஒரு டிரம் இருந்தாலே அந்த அளவைப்போல் ஆறு மடங்குக்கு மேல். சட்டம் இருக்கிறது. அது எங்கள் சந்துகளுக்குள் நடந்து வரவில்லை.

ஆறு: கிடங்குத் தொழிலாளியும் தீயணைப்போரும் ஒரே அணி. தினமும் அந்த ஆவியை மூச்சில் இழுத்து வேலை செய்கிறவர் தொழிலாளி. நெருப்பு வந்த நாளில் அங்கே நிற்கிறவர் தீயணைப்பாளர். ஒருவருக்குப் பாதுகாப்பான கிடங்கு இருவருக்கும் பாதுகாப்பானது.

அரசிடம் கேட்கிறோம்

ஒவ்வொரு தீயணைப்பு வண்டியிலும் நான்கு வாயு அளக்கும் மீட்டர் ஒன்று இருக்க வேண்டும். மாவட்டத் தலைநகரில் ஒன்று வைத்துவிட்டுக் கூப்பிட்டால் வரும் என்பது போதாது. மீட்டரோடு, கதவிடுக்கிலிருந்தே காற்றை உறிஞ்சி அளக்கும் பம்பும் நீளக் குழாயும் வேண்டும். சரிபார்க்கும் வாயுவும், அதை மாதந்தோறும் வாங்க நிதியும் வேண்டும். சரிபார்க்காத மீட்டர் வெறும் பெட்டி.

அந்தக் கருவியின் வரம்புகளையும் கற்பிக்க வேண்டும். பெரும்பாலான எல்.இ.எல். சென்சாரில் சூடான சிறு மணியொன்று ஆவியை எரித்து அளவைச் சொல்கிறது. எரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆவி மிக அடர்ந்து ஆக்சிஜன் குறைந்த இடத்தில் முள் சர்ரென்று ஏறிப் பிறகு சுழியத்துக்கு இறங்கிவிடக்கூடும். அந்தச் சுழியத்தைப் பார்த்துப் பாதுகாப்பு என்று நம்பினால் சாவு. ஆகவே ஆக்சிஜன் அளவை முதலில் பார்க்க வேண்டும். மீத்தேனை வைத்துச் சரிபார்த்த மீட்டர், டொலுயீன் ஆவியை உள்ளதில் பாதிக்கும் குறைவாகக் காட்டலாம். சிலிகான் ஸ்பிரே பட்டால் சென்சார் செத்துவிடும். இவை ஒவ்வொரு தீயணைப்போருக்கும் பாடமாக இருக்க வேண்டும். தேர்வாகவும் இருக்க வேண்டும்.

பொறி விடாத டார்ச்சும் வயர்லெஸ் கருவியும், பொறி கிளப்பாத பித்தளை, வெண்கலக் கைக்கருவிகளும் எல்லா நிலையங்களுக்கும் வர வேண்டும். ஆவியை மூடிப் போர்த்தும் நுரை போதிய கையிருப்பு இருக்க வேண்டும். எத்தனால், அசிட்டோன் போன்றவை சாதாரண நுரையைக் கரைத்துவிடும் என்பதால் அவற்றுக்கான தனி நுரையும் வேண்டும்.

வீடுகளுக்குக் கீழே ரசாயனக் கிடங்கு இருக்கக் கூடாது. 2023 நவம்பரில் ஹைதராபாத் நாம்பள்ளியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் வைத்திருந்த ரசாயன டிரம்கள் எரிந்து மேலே குடியிருந்த ஒன்பது பேர் இறந்தார்கள். டாக்காவின் பழைய நகரத்தில் 2010இல் நிம்தொலியிலும் 2019இல் சௌக்பஜாரிலும் இதே காரணத்தால் பெருந்திரளாக மக்கள் மாண்டார்கள். எங்கள் ஊர்களில் அப்படி நடந்த பிறகு விசாரணைக் குழு அமைப்பதில் யாருக்கும் பயன் இல்லை.

பணியில் ஒரு தீயணைப்பாளர் இறந்தாலோ படுகாயமடைந்தாலோ, துறைக்கு வெளியே உள்ள வல்லுநர்களைக் கொண்டு விசாரிக்க வேண்டும். அந்த அறிக்கையைத் தமிழில் வெளியிட வேண்டும். யாரைத் தண்டிப்பது என்பதைவிட, அடுத்த நிலையம் அதிலிருந்து என்ன கற்பது என்பதே அந்த அறிக்கையின் நோக்கமாக இருக்கட்டும்.

கிடங்கு உரிமையாளர்களிடம் கேட்கிறோம்

வாசலில் தமிழில் பெரிய எழுத்தில் பலகை வையுங்கள்: என்ன பொருள், அதிகபட்சம் எவ்வளவு, ஐ.நா. எண் என்ன, இரவில் யாரை அழைக்க வேண்டும். பெட்ரோலுக்கு 1203, டொலுயீனுக்கு 1294, அசிட்டோனுக்கு 1090 என்று உலகம் முழுவதும் ஒரே எண்தான். அந்த நான்கு இலக்கம் எங்கள் ஆட்களுக்குப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும்.

இருப்புப் பட்டியலை உள்ளே மேசை இழுப்பறையில் வைக்காதீர்கள். வாசலுக்கு வெளியே தீப்படாத பெட்டியில் வையுங்கள். மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சும் வெளியே இருக்கட்டும். காற்றுப்போக்கியைக் கூரையோரம் மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கனமான ஆவி தரையில் கிடக்கிறது, தரையோரமும் திறப்பு வேண்டும். கதவைத் திறக்காமலே உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி அளக்க, முழங்கால் உயரத்தில் ஒன்றும் தலை உயரத்தில் ஒன்றுமாக மூடியுள்ள இரண்டு துளைகளைச் சுவரில் விடுங்கள். அரிசோனாவில் இல்லாமல் போனது அதுதான். ஆகும் செலவு ஒரு டிரம் தின்னரின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

டிரம்மிலிருந்து கேனுக்கு ஊற்றும்போது இரண்டையும் கம்பியால் இணைத்து எர்த் கொடுங்கள். துடைத்த பஞ்சைத் திறந்த வாளியில் குவிக்காதீர்கள். இரவில் பூட்டிய கிடங்குக்குள் யாரையும் தூங்க வைக்காதீர்கள். உள்ளே ஆள் இருக்கிறாரா என்ற சந்தேகம் ஒன்றே தீயணைப்போரைச் சாவுக்குள் இழுத்துப் போகிறது.

பொதுமக்களிடம் கேட்கிறோம்

தீ என்று அழைக்கும்போது, எங்கே என்பதோடு என்ன எரிகிறது, என்ன வாடை வருகிறது என்பதையும் சொல்லுங்கள். உங்கள் தெருவில் எந்தக் குடோனில் டிரம் இறங்குகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதை முன்னதாகவே நிலையத்தில் சொல்லி வையுங்கள். சம்பவ இடத்தில் கூட்டம் கூடாதீர்கள். செல்போனில் படம் எடுக்க நெருங்காதீர்கள். தீயணைப்போர் வாசலில் நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால், சும்மா நிற்கிறார்கள் என்று ஏசாதீர்கள். அவர்கள் அந்த நேரத்தில்தான் மிக முக்கியமான வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எங்களுக்கு நாங்களே விதித்துக்கொள்ளும் கட்டளை

மீட்டரைச் சுத்தமான காற்றில் இயக்கிச் சரிபார்த்த பிறகே நெருங்குவோம். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்து அணுகுவோம். முதலில் கதவின் அடியில், பிறகு நடுவில், பிறகு மேலே என்று மூன்று இடத்திலும் அளப்போம். அளவு தெரியும்வரை கட்டரை இயக்க மாட்டோம், எந்தச் சுவிட்சையும் தொட மாட்டோம், வண்டியை வாசலை ஒட்டி நிறுத்த மாட்டோம். போட்டிருக்கும் தீக்காப்பு உடை வெப்பத்தைச் சற்று நேரம் தாங்கும், வெடிப்பைத் தாங்காது என்பதை மறக்க மாட்டோம். நுழைந்த பிறகும் அளந்துகொண்டே இருப்போம். அளவு ஏறினால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் வெளியேறுவோம். புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு முதல் நாளிலேயே இதைக் கற்றுக்கொடுப்போம். முன்னே பாய்கிறவனே ஆண்பிள்ளை என்ற பேச்சை எங்கள் நிலையங்களுக்குள் அனுமதிக்க மாட்டோம்.

முதல் ஆண்டின் வேலைகள்

தீர்மானம் போட்டுக் கலைவதற்காக நாங்கள் கூடவில்லை. அடுத்த தீத்தொண்டு வாரத்துக்குள் நான்கு வேலைகளை முடிப்போம்.

எந்தெந்தத் தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்யும் மீட்டர் இருக்கிறது, கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்ற விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெற்று, மாவட்ட வாரியாக வெளியிடுவோம். தொழிலாளர்களின் துணையோடு, ஒவ்வொரு தெருவாக நடந்து, எரியும் பொருள் வைத்திருக்கும் கிடங்குகளின் பட்டியலைத் தயாரித்து அந்தந்த நிலையத்திடம் கொடுப்போம். அந்தப் பட்டியலை வைத்து எவரையும் மிரட்டவோ வியாபாரத்தைக் கெடுக்கவோ மாட்டோம். பாதுகாப்பாக மாற விரும்பும் சிறு வியாபாரிக்கு வழிகாட்டுவோம். வாசல் பலகைக்கும் சுவர்த் துளைக்கும் மாதிரி வரைபடம் தயாரித்து இலவசமாகக் கொடுப்போம். காத்திருக்கும் உரிமையை விதியாக்கும் வரைவைச் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.

எந்தக் கட்சிக்கும் எதிராக நாங்கள் நிற்கவில்லை, எந்தக் கட்சிக்குக் கீழும் நிற்கவில்லை. தீயணைப்புத் துறையை நேசிப்பதால்தான் அதனிடம் கேட்கிறோம். வியாபாரத்தை மதிப்பதால்தான் வியாபாரிகளிடம் பேசுகிறோம்.

நிலைய அலுவலர்களே, தீயணைப்போரே, குடோன் தொழிலாளர்களே, உரிமையாளர்களே, தெருவாசிகளே: இந்தக் கொள்கையை ஏற்பவர்கள் எல்லோரும் கையெழுத்திடுங்கள். கையெழுத்தோடு உங்கள் தெருவின், உங்கள் நிலையத்தின், உங்கள் கிடங்கின் ஒரு வேலையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பலகை எழுதுவதாக இருக்கட்டும், மனு கொடுப்பதாக இருக்கட்டும், ஒரு மீட்டரைச் சரிபார்க்கக் கற்றுக்கொள்வதாக இருக்கட்டும். கடமைக்குப் போகிற ஒவ்வொரு தீயணைப்போரும் கடமை முடித்துத் தன் காலில் நடந்து வீடு திரும்ப வேண்டும். அதற்குக் குறைந்த எதையும் ஏற்பதில்லை என்று இன்று அறிவிக்கிறோம்.